தெரியும், வரும், முடியும்: ஸ்பானிய மொழியில் அறிவுக்கும் திறனுக்கும் சொல் தேடும்போது

ஸ்பானிய மொழி படிக்க ஆரம்பிக்கிற எல்லாரும் இரண்டாவது, மூன்றாவது மாதத்தில் முட்டிக்கொள்ளும் ஒரு இடம் உண்டு. ஆங்கிலத்தில் 'நோ' என்று ஒரே வினைச்சொல் இருக்கும் இடத்தில் ஸ்பானியத்தில் இரண்டு இருக்கின்றன: 'சபேர்', 'கொனொசேர்'. 'கேன்' என்ற சொல்லுக்கும் அப்படியே இரண்டு: 'சபேர்', 'போதேர்'. எதை எங்கே போடுவது என்று பாடப்புத்தகங்கள் பக்கம் பக்கமாக விளக்குகின்றன. மொபைல் ஆப்களும் இதே பாடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு உயிரை எடுக்கின்றன.

இந்தப் பாடம் முழுக்க ஆங்கிலம் பேசுகிறவர்களுக்காக எழுதப்பட்டது. தமிழில் யோசிக்கிறவருக்கு இதில் பாதிக்கு மேல் ஏற்கெனவே தெரியும். நாம் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், அங்கே இருக்கிற வித்தியாசத்தை எல்லாம் 'நோ', 'கேன்' என்ற இரண்டு டப்பாவுக்குள் கொட்டிவிட்டு, பிறகு ஸ்பானியத்தில் அதை மறுபடி பொறுக்கி எடுக்கிறோம். நேர்வழி இருக்கும்போது சுற்றுவழி எதற்கு? அந்த நேர்வழியைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. உதாரணங்கள் எல்லாம் எனக்குப் பழக்கமான சேலம், நாமக்கல் பக்கத்தில் இருந்து.

(ஸ்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். சொல்லின் நடுவில் வரும் ப, த இரண்டையும் 'அபயம்', 'பதம்' என்பதில் வருவதுபோல மென்மையாகப் படித்துக்கொள்ளுங்கள்.)

லாரிக்கு ஆள் எடுக்கும்போது கேட்கும் கேள்விகள்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரியும் ரிக் வண்டியும் எவ்வளவு பெரிய தொழில் என்று சொல்லத் தேவையில்லை. லாரி, டேங்கர், டிரெய்லர், பாடி கட்டும் பட்டறை, போர் போடும் ரிக் என்று ஊரே சக்கரத்தின் மேல் நிற்கிறது. புதிதாக ஒரு டிரைவர் வேலை கேட்டு வந்தால் முதலாளி என்ன கேட்பார்?

"டிரெய்லர் ஓட்டத் தெரியுமா?"

"கொல்லிமலை ரோடு பழக்கமா?"

"இன்னைக்கு ராத்திரியே கெளம்ப முடியுமா?"

"இந்தி வருமா?"

நாலு கேள்வியிலும் கேட்கப்படுவது வேறுவேறு சங்கதி. முதல் கேள்வி கற்றுக்கொண்ட திறமையைப் பற்றியது. இரண்டாவது, நேரில் பட்டுப் பழகியதைப் பற்றியது. 70 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது என்று படித்துத் தெரிந்துகொள்வது வேறு, அந்த வளைவுகளில் வண்டியை ஏற்றி இறக்கியிருப்பது வேறு. மூன்றாவது, இந்த நேரத்தில் இயலுமா என்பது. நாலாவது, பேச்சு தானாக வாயில் வருகிறதா என்பது. எந்த டிரைவரும் இந்த நாலையும் குழப்பிக்கொள்வதில்லை. "ஓட்டத் தெரியுமுங்க, ஆனா இன்னைக்கு முடியாதுங்க" என்று சொன்னால் அதில் முரண்பாடு எதுவும் இல்லை.

இதை ஸ்பானியத்தில் சொன்னால், 'ஓட்டத் தெரியும்' என்பது 'சே மனெஹார்'. 'சே' என்பது 'சபேர்' வினையின் தன்மை ஒருமை. 'இன்று ஓட்ட முடியாது' என்பது 'ஓய் நோ புவேதோ மனெஹார்'. 'புவேதோ' என்பது 'போதேர்' வினையின் தன்மை ஒருமை. 'கொல்லிமலை எனக்குப் பழக்கம்' என்பது 'கொனோஸ்கோ கொல்லிமலை'. ஆங்கிலத்தில் முதல் இரண்டுக்கும் 'கேன்' போட்டே காலத்தை ஓட்டிவிடலாம். தமிழிலும் ஸ்பானியத்திலும் அப்படி ஓட்ட முடியாது.

சோதித்துப் பார்க்க ஒரு வழி

தமிழில் ஒரு சிக்கல் இருப்பது உண்மை. 'தெரியும்' என்ற சொல் கொஞ்சம் அகலமானது. "பதில் தெரியும்" என்றும் சொல்கிறோம், "முருகனைத் தெரியும்" என்றும் சொல்கிறோம். ஸ்பானியத்தில் முதலாவது 'சபேர்', இரண்டாவது 'கொனொசேர்'. இதைப் பிரிக்க நான் வைத்திருக்கும் சோதனை இது:

1. 'தெரியும்' என்பதற்கு முன்னால் 'ஓட்ட', 'நீந்த', 'நெய்ய', 'சமைக்க' மாதிரி செய என்னும் எச்சம் வந்தால் 'சபேர்'. தறி ஓட்டத் தெரியும், நீந்தத் தெரியும்: எல்லாம் 'சபேர்'தான்.

2. 'என்று', 'ன்னு' வந்தால் 'சபேர்'. "கடை மூடிட்டாங்கன்னு தெரியும்", "எங்க இருக்குன்னு தெரியும்", "எப்ப வருவாருன்னு தெரியும்": எல்லாம் தகவல், எல்லாம் 'சபேர்'.

3. முன்னால் வெறும் பெயர்ச்சொல் வந்தால், 'தெரியும்' என்பதை எடுத்துவிட்டுப் 'பழக்கம்', 'அறிமுகம்', 'போயிருக்கேன்', 'கேட்டிருக்கேன்' இதில் ஏதாவது ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பொருந்தினால் 'கொனொசேர்'. "முருகன் எனக்குப் பழக்கம்", "ராசிபுரம் போயிருக்கேன்", "அந்தப் பாட்டைக் கேட்டிருக்கேன்": மூன்றும் 'கொனொசேர்'.

4. பாட்டு மனப்பாடமாகவே தெரியும் என்றால் மறுபடி 'சபேர்'. கேட்டிருப்பது அறிமுகம், மனப்பாடம் செய்திருப்பது கைவசம்.

5. 'தெரியும்' பொருந்தாமல் 'முடியும்' பொருந்தினால் 'போதேர்'. அனுமதி கேட்கும் 'லாம்' என்பதற்கும் 'போதேர்'தான். "உள்ளே வரலாமா?" என்பதும் "இந்த மூட்டையைத் தூக்க முடியுமா?" என்பதும் ஸ்பானியத்தில் ஒரே வினை. இந்த இடத்தில் தமிழ்தான் கூடுதலாகப் பிரித்து வைத்திருக்கிறது.

இறந்தகாலத்தில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. ஸ்பானியத்தில் 'சபேர்' வினையின் ஒரு இறந்தகால வடிவம் 'சூபே'. அதற்குப் பொருள் 'அறிந்திருந்தேன்' அல்ல, 'அப்போதுதான் தெரியவந்தது' என்பது. 'கொனொசீ' என்றால் 'பழக்கம் இருந்தது' அல்ல, 'முதல்முதலாகச் சந்தித்தேன்'. 'பூதே' என்றால் 'முயன்று முடித்தேன்'. பாடப்புத்தகங்கள் இதை விதிவிலக்கு மாதிரி சொல்லி மனப்பாடம் செய்யச் சொல்லும். நமக்கு அது தேவையே இல்லை. "எனக்கு முன்னாடியே தெரியும்" என்பதற்கும் "நேத்துத்தான் எனக்குத் தெரிஞ்சது" என்பதற்கும் இருக்கிற வித்தியாசம்தான் அது. 'தெரியும்' ஒரு நிலை. 'தெரிஞ்சது' ஒரு நிகழ்ச்சி. 'முடியும்', 'முடிஞ்சது' இரண்டும் அப்படியே.

ஆளைக் குறிக்கும்போது 'கொனொசேர்' பின்னால் ஒரு 'அ' என்ற குட்டிச் சொல் வரும். 'கொனோஸ்கோ அ முருகன்'. ஊரையோ பாட்டையோ குறிக்கும்போது அந்த 'அ' வராது. ஆங்கிலம் வழியாக வருகிறவர்கள் இதை மறந்து மறந்து போவார்கள். தமிழில் "லாரி பார்த்தேன்" என்று உருபு இல்லாமல் சொல்லலாம், ஆனால் "முருகன் பார்த்தேன்" என்று சொன்னால் பொருளே மாறிவிடும். "முருகனைப் பார்த்தேன்" என்று 'ஐ' போட்டே ஆகவேண்டும். மனிதர் என்றால் செயப்படுபொருளுக்கு அடையாளம் கட்டாயம் என்ற இந்தக் கணக்கு இரண்டு மொழிக்கும் பொது. இரண்டும் வேறுவேறு குடும்பம், ஒன்றைப் பார்த்து ஒன்று எடுத்தது இல்லை. ஆனாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

நாக்கில் தொடங்கிய அறிவு, கண்ணில் தொடங்கிய அறிவு

'சபேர்' லத்தீனின் 'சபேரே' என்ற சொல்லிலிருந்து வந்தது. அதன் பழைய பொருள் ருசித்தல். நம் இனத்துக்கு அறிவியல் வைத்த பெயரில் இருக்கும் 'சேப்பியன்ஸ்' அதே வேர். இன்றைக்கும் ஸ்பானியத்தில் 'சபே' என்றால் 'அவருக்குத் தெரியும்' என்றும் பொருள், 'இது இப்படி ருசிக்கிறது' என்றும் பொருள்.

இதைப் படித்தபோது எனக்குப் பரமத்தி வேலூர் பக்கத்து வெல்ல ஆலைகள்தான் ஞாபகம் வந்தன. காவிரிக் கரையில் கரும்பு வெட்டி, சாறு பிழிந்து, கொப்பரையில் காய்ச்சி, அழுக்கு நுரையை வழித்து, பாகை இறக்குவார்கள். எந்த நிமிடத்தில் இறக்குவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முன்னால் இறக்கினால் இளகிப்போகும், பின்னால் இறக்கினால் கருகும். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பார்கள், குமிழி வெடிக்கும் விதத்தைப் பார்ப்பார்கள், வாசனை பிடிப்பார்கள். அதற்குப் பெயர் 'பதம்'. "பதம் தெரியணும்" என்றுதான் சொல்வார்கள். "வெப்பநிலை தெரியணும்" என்று யாரும் சொல்வதில்லை. நாக்கும் மூக்கும் விரலும் சேர்ந்து அறிகிற ஒன்றுக்குத் தமிழில் இவ்வளவு சின்னச் சொல். 'சபேர்' என்ற வினையின் வேர் எதைச் சொல்கிறது என்று இந்தக் கொப்பரைப் பக்கத்தில் நின்றால் அகராதி இல்லாமலே விளங்கும்.

'தெரியும்' என்ற நம் சொல் நாக்கை விட்டுக் கண்ணுக்குப் போகிறது. "இங்கிருந்து சேர்வராயன் மலை தெரியுது" என்பதும் "எனக்கு அந்த மலை தெரியும்" என்பதும் ஒரே சொல். கண்ணுக்குப் புலப்படுவதுதான் அறிவுக்கும் பெயர். அதனால்தான் தமிழில் 'நான் தெரிகிறேன்' என்று சொன்னால் வேறு பொருள். அறிவைச் சொல்ல 'எனக்குத் தெரியும்' என்று 'கு' உருபு போடுகிறோம். அறிவு நான் செய்கிற வேலை இல்லை, என்னிடம் வந்து சேர்வது. 'எனக்குத் தெலுங்கு வரும்', 'அவளுக்குப் பாட்டு வரும்' என்பதும் அப்படித்தான். தெரி என்ற வேருக்கு ஆராய்ந்து தேர்ந்தெடுத்தல் என்ற பொருளும் உண்டு. திருக்குறளில் 'தெரிந்து' என்று தொடங்கும் அதிகாரத் தலைப்புகள் மூன்று இருக்கின்றன: தெரிந்துசெயல்வகை, தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல். பார்த்து, ஆராய்ந்து, தேர்ந்து செய்வது என்ற முழு வரிசையும் ஒரே வேருக்குள் இருக்கிறது.

'கொனொசேர்' வந்த வழி வேறு. அதன் லத்தீன் மூலமும், ஆங்கில 'நோ'வும், வடமொழியிலிருந்து நமக்கு வந்த 'ஞானம்' என்ற சொல்லும் ஒரே தொல்வேரின் கிளைகள். நாம் பெரிய ஆன்மிகச் சொல்லாக வைத்திருக்கும் 'ஞான'த்தின் ஒன்றுவிட்ட தம்பி, ஸ்பானியத்தில் 'பக்கத்து வீட்டுக்காரரைத் தெரியும்' என்ற சாதாரண வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

தத்துவக்காரர்களும் இதில் தலையைக் கொடுத்திருக்கிறார்கள். பெர்ட்ரண்ட் ரஸல் 1912இல் வெளிவந்த தன் புத்தகத்தில் இரண்டு வகை அறிவைப் பிரிக்கும்போது, பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இதற்கு இரண்டு தனி வினைச்சொற்கள் இருப்பதைச் சுட்டுகிறார். கில்பர்ட் ரைல் 1949இல், 'இன்னது என்று அறிதல்' வேறு, 'எப்படிச் செய்வது என்று அறிதல்' வேறு என்று வாதாடினார். தமிழில் முதலாவதற்கு 'என்று தெரியும்', இரண்டாவதற்கு 'செய்யத் தெரியும்'. வினைச்சொல் ஒன்று, வாக்கிய அமைப்பு இரண்டு. ஸ்பானியமும் அப்படியே 'சபேர்' என்ற ஒரே வினையை இரண்டு அமைப்பில் வைத்திருக்கிறது.

திறமைக்கு எத்தனை பெயர்

வினைச்சொல்லில் தமிழ் உதவுகிற அளவுக்குப் பெயர்ச்சொல்லில் இன்றைய எழுத்துத்தமிழ் உதவுவதில்லை. காரணம் 'திறன்'. நல்ல சொல்தான், ஆனால் சுமை ஏற்றிவிட்டோம். இயற்பியல் பாடத்தில் வேலை நடக்கும் வேகம் 'திறன்'. மோட்டாருக்குக் 'குதிரைத்திறன்'. கையில் இருப்பது 'திறன்பேசி'. 'மாற்றுத்திறனாளி' என்பதிலும் அதே சொல். பயிற்சித் திட்டம் என்றால் 'திறன் மேம்பாடு'. லோடு ஏற்றினால் 'கொள்திறன்'. ஒரே லாரியில் ஊரே ஏறிய மாதிரி.

ஸ்பானியத்தில் இதை இப்படிப் பிரிக்கிறார்கள்:

'அபிலிதாத்': பொதுவான திறமை. சந்தேகமாக இருந்தால் இதைப் போடலாம்.

'தெஸ்த்ரேசா': கைத்திறமை, பயிற்சியால் வந்த லாவகம். வலது கைப் பக்கத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. தமிழில் 'வலம்' என்ற சொல்லுக்கு வலிமை, வலப்பக்கம், வெற்றி மூன்றும் பொருள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மொழியும் சோத்தாங்கைக்குத்தான் ஓட்டுப் போட்டிருக்கின்றன.

'மாஞா': நேக்கு, சூட்சுமம், நெளிவு சுளிவு. பலத்தைவிட நேக்கு மேல் என்று ஒரு பழமொழியே உண்டு: 'மாஸ் வாலே மாஞா கே ஃபுவேர்சா'. சிக்கிய போல்ட்டைச் சுத்தியலால் அடிக்காமல் சூடு காட்டிக் கழற்றுகிறவரிடம் இருப்பது இது. ஆனால் கொஞ்சம் தந்திரம் என்ற வாடையும் இதில் இருக்கிறது, அதனால் விண்ணப்பத்தில் எழுதக்கூடாது.

'ஒஃபீசியோ': தொழில். அதே சமயம், தொழிலில் ஊறிய பக்குவம். 'அவருக்கு ஒஃபீசியோ இருக்கிறது' என்றால் நாம் 'தொழில் சுத்தம்' என்று சொல்வது. "ஆளு நல்ல வேலைக்காரன்" என்ற நம் பேச்சுவழக்கும் இதே பாராட்டு.

'கபசிதாத்': ஏற்கும் அளவு, இயலும் அளவு. டேங்கரின் கொள்ளளவுக்கும் இதே சொல்.

'கொம்பெதென்சியா': தகுதித்திறன். பள்ளி, பயிற்சி ஆவணங்களில் நிறைய வரும். ஜாக்கிரதை, இதற்குப் 'போட்டி' என்ற பொருளும் உண்டு.

'மனேஹோ': கையாளும் பழக்கம். 'கை' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. 'கையாளுதல்' என்ற நம் சொல்லும் கையை வைத்துத்தான் கட்டப்பட்டது. லத்தீன் அமெரிக்காவில் வண்டி ஓட்டுவதற்கே 'மனெஹார்' என்பார்கள். ஸ்பெயினில் 'கொந்துசீர்'.

அறிவுப் பக்கம் வந்தால் 'கொனொசிமியெந்தோ' என்பது பொதுச்சொல். விண்ணப்பங்களில் பெரும்பாலும் பன்மையில் வரும், 'கொனொசிமியெந்தோஸ்'. "வெல்டிங்கில் கொனொசிமியெந்தோஸ் உண்டு" என்று எழுதினால், ஏதோ தெரியும், அடிப்படை புரியும் என்ற தொனிதான் வரும். 'சபிதுரீயா' என்பது ஞானம், வாழ்ந்து பெற்ற விவேகம். இதைப் பயோடேட்டாவில் போட்டால் சிரிப்பார்கள். திருக்குறள் 'கல்வி' என்று ஓர் அதிகாரமும் 'அறிவுடைமை' என்று தனியாக இன்னோர் அதிகாரமும் வைத்து, நடுவில் 'கேள்வி'யையும் வைத்திருப்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். படித்தது, கேட்டது, அறிந்தது மூன்றும் ஒன்றல்ல என்பது நமக்குப் புதிதில்லை.

"வேலை மட்டுந்தாங்க தெரியும்"

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை என்று எனக்குப் புரியவைத்தது ஒரு விண்ணப்பம். லாரி பாடி கட்டும் பட்டறையில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த ஒருவர், வெளிநாட்டு வேலைக்கு ஒரு படிவம் நிரப்பித் தரச் சொல்லி வந்தார். படிவத்தில் 'கல்வி', 'அறிவு', 'திறன்' என்று மூன்று கட்டம். கல்விக் கட்டத்தில் ஏழாம் வகுப்பு என்று எழுதியாயிற்று. அடுத்த கட்டத்துக்கு என்ன தெரியும் என்று கேட்டேன்.

"எனக்கென்னங்க தெரியும்? ஏழாவது வரைக்குந்தான் போனேன். வேலை மட்டுந்தாங்க தெரியும்."

அந்த 'மட்டும்' என்ற சொல்தான் என்னை உறுத்தியது. மொட்டை சேஸிஸ் ஒன்றைக் காட்டினால், அதன்மேல் எவ்வளவு நீளத்துக்குப் பாடி கட்டலாம், பாரம் எந்த அச்சில் இறங்கும், குறுக்குச் சட்டங்களை எந்த இடைவெளியில் வைத்தால் தரை தொங்காது என்று சொல்லக்கூடிய மனிதர். ஒரு நூலைப் பிடித்துப் பார்த்தே கோணல் இருப்பதைச் சொல்லிவிடுவார். இது அறிவு இல்லையென்றால் வேறு எது? ஆனால் 'அறிவு' என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்துக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டோம். அதனால் தன்னிடம் இருப்பது அறிவு என்று அவருக்கே தோன்றவில்லை. தொல்காப்பியம் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கும்போது, தொட்டு உணர்வதே முதல் அறிவு. அந்தக் கணக்கில் பார்த்தால் இவர் கையில் இருப்பது அறிவின் அடித்தளம்.

மொழி மட்டும் இல்லை, சட்டமும் இந்தக் குழப்பத்தில் மாட்டியிருந்தது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 8ஆம் விதி, சரக்கு, பயணிகள் வாகனம் ஓட்ட உரிமம் பெற எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்றது. வண்டி ஓட்டத் தெரியும், ரோடு பழக்கம், ஆனால் எட்டாவது சான்றிதழ் இல்லை என்றால் உரிமம் இல்லை. ஹரியானா அரசு மேவாத் பகுதி ஓட்டுநர்களுக்காக விலக்கு கேட்டதை ஒட்டி, 2019இல் மத்திய அரசு அந்தக் கல்வித் தகுதியையே எடுத்துவிட்டது. பதிலாகப் பயிற்சியையும் ஓட்டும் தேர்வையும் கடுமையாக்க வேண்டும் என்றது. 'கொனொசிமியெந்தோ' கட்டத்தில் கேட்டுக்கொண்டிருந்ததை 'தெஸ்த்ரேசா' கட்டத்துக்கு மாற்றினார்கள் என்று சொல்லலாம். சாலை விதி, எச்சரிக்கைப் பலகை, சரக்கின் ஆபத்து எல்லாம் படித்துத் தெரிய வேண்டியவைதான். ஆனால் அவற்றைச் சோதிக்க எட்டாம் வகுப்புச் சான்று சரியான கருவி இல்லை.

கூலியிலும் இந்தக் கட்டங்கள் வேலை செய்கின்றன. மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி அறிவிக்கைகளில் தொழிலாளரை நாலு படியாகப் பிரிப்பார்கள். தமிழில் சொன்னால் திறனற்ற, பாதித்திறன், திறன்மிகு, உயர்திறன். 2005ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டமும் 'திறன் சாராத உடலுழைப்பு' என்ற வகையைத்தான் உறுதி செய்தது. ஏரிக்கரையில் மண் வெட்டி, சரிவு பார்த்து, கரை நிற்கும்படி அணைக்கிற அம்மாவிடம் திறன் இல்லை என்று ஒரு சொல் சொல்லிவிடுகிறது. சொன்ன சொல்லுக்கு ஏற்றபடி கூலியும் விழுகிறது.

இந்த இடத்தில் ஸ்பானியம் ஒரு நல்ல யோசனை தருகிறது. அதே பொருளுக்கு அங்கே 'மானோ தெ ஓப்ரா நோ கலிஃபிகாதா' என்பார்கள். 'மானோ தெ ஓப்ரா' என்றால் வேலைக்கான கை, அதாவது உழைப்பாளர். 'நோ கலிஃபிகாதா' என்றால் தகுதிச்சான்று பெறாத. இல்லாதது என்று அது சொல்வது காகிதத்தை, கையின் வித்தையை அல்ல. அந்த நாடுகளில் அதனால் கூலி கூடிவிட்டது என்று சொல்ல வரவில்லை. ஆனால் தமிழில் 'திறனற்ற தொழிலாளி' என்பதைவிட 'சான்று பெறாத தொழிலாளி' என்று எழுதுவது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும். முதல் சொல் ஆளைக் குறை சொல்கிறது. இரண்டாவது, அவருக்குச் சான்று தராமல் இருக்கிற அமைப்பைப் பார்த்துக் கேள்வி கேட்கிறது.

அவர் படிவத்தில் கடைசியில் எழுதியது இது. அறிவுக் கட்டத்தில்: சேஸிஸ் அளவு, பாரப் பகிர்வு, இரும்புச் சட்டத்தின் கனத் தேர்வு. திறன் கட்டத்தில்: வெல்டிங், வெட்டுதல், வளைத்தல், நேர் பார்த்தல், உதவியாளர்களுக்குக் கற்றுத் தருதல். இரண்டு கட்டமும் நிறைந்து ஓரத்தில் எழுத வேண்டியதாயிற்று. இதையே ஸ்பானியத்தில் எழுதினால் 'வெல்டிங்கில் கொனொசிமியெந்தோஸ்' என்று எழுத மாட்டேன். 'சொல்தாதோர், வெயிந்தே ஆஞோஸ் தெ ஒஃபீசியோ' என்று எழுதுவேன். இருபது வருஷத் தொழில்காரர், வெல்டர். நாலு சொல்லில் ஆள் நிமிர்ந்து நிற்கிறார்.

ஏற்கெனவே வந்து சேர்ந்த ஒரு சொல்

ஸ்பானியத்தின் பழைய கைவினைச் சங்கங்களில் மூன்று படி உண்டு: 'அப்ரெந்தீஸ்', 'ஒஃபிசியால்', 'மாயெஸ்த்ரோ'. கற்றுக்குட்டி, தொழில்காரர், குரு. நம் கட்டட வேலையில் சித்தாள், கொத்தனார், மேஸ்திரி. லாரியில் கிளீனராக ஏறி டிரைவராக இறங்குவதும் இதே ஏணிதான். இதில் 'மேஸ்திரி' என்பது போர்த்துகீசிய 'மெஸ்த்ரே' என்ற சொல்லிலிருந்து வந்தது. அந்த 'மெஸ்த்ரே'யும் ஸ்பானிய 'மாயெஸ்த்ரோ'வும் ஒரே லத்தீன் தாய்க்குப் பிறந்தவை. அங்கே அந்தச் சொல் பள்ளி ஆசிரியர், இசைமேதை, தலைமைக் கொத்தர் என்று எல்லாரையும் ஒரே மரியாதையில் குறிக்கிறது. இங்கே அது சாரத்தின் மேல் நிற்கிறவரோடு நின்றுவிட்டது.

ஸ்பானியம் படிக்கிறவர்களுக்குக் கடைசியாக ஒரு யோசனை. 'சபேர்', 'கொனொசேர்', 'போதேர்' மூன்றையும் ஆங்கில அட்டவணையில் தேடாதீர்கள். பக்கத்துப் பட்டறையில் ஆள் எடுக்கும்போது என்ன கேட்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேளுங்கள். தெரியுமா, பழக்கமா, முடியுமா என்று அந்த மூன்றையும் அங்கே பிரித்துத்தான் கேட்பார்கள். மொழிபெயர்க்கிறவர்கள், படிவம் தயாரிக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் அதே யோசனைதான். 'திறன்' என்று எழுதுவதற்கு முன்னால், கைப்பழக்கத்தைச் சொல்கிறோமா, பதத்தைச் சொல்கிறோமா, சான்றிதழைச் சொல்கிறோமா என்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டு எழுதுங்கள். அந்தக் கட்டத்தை நிரப்பப்போகிறவர் தன்னிடம் என்ன இருக்கிறது என்று நினைக்கப்போவது அந்தச் சொல்லை வைத்துத்தான்.